துணைக்கு ஒரு நடை

ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் குமாஸ்தாவான ஏசுராஜ் வீட்டுக்கு வந்ததும் ஈஸிசேரில் சாய்ந்துவிடுவார். வீடு வேலூரில்; அவர் மனைவி தேவகிருபை அங்கேயே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு மாதமாக அவளுக்கு நைட் டூட்டி.

"பகல்ல தூக்கமே வரலைங்க. சாயங்காலம் வேகமா நடந்துட்டு டூட்டிக்குப் போனா, காலையில வந்ததும் தூக்கம் வருமாம். துணைக்கு வாங்க."

"இன்னா கிருபை, நானே அசந்துபோய் வர்றேன்."

"தனியா போக பயமா இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே போனார். தினமும் கோட்டை அகழியை ஒட்டி ஒரு சுற்று. அவள் வேகமாக நடந்தாள். இவர் மூச்சு வாங்க ஓடினார். தனக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருவதாக அவள் சொன்னாள்.

தைப்பொங்கல் கழிந்து ஏசுராஜ் அவள் ஆஸ்பத்திரிக்கே பரிசோதனைக்குப் போனார்.

"சர்க்கரை நல்லா இறங்கிடுச்சே! நடக்கச் சொன்னப்ப முடியவே முடியாதுன்னீங்க?" என்றார் டாக்டர்.

"நான் எங்க சார் நடக்கறேன்? சம்சாரத்துக்குத் துணையா போறேன். நைட் டூட்டி போட்டு அவ தூக்கத்தைக் கெடுத்துட்டீங்க."

"நாங்க போடலைங்க. பகல் டூட்டின்னா வீட்டுக்கு வர எட்டாயிடும், உங்களை நடக்கவைக்க முடியாதுன்னு அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க."

அன்று சாயங்காலம் தேவகிருபை எழுந்து வந்தபோது, ஏசுராஜ் செருப்பு மாட்டி வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாங்க, இவ்ளோ அவசரம்?"

"உனக்குத் தூக்கம் பத்தாது. இன்னிக்கி ரெண்டு சுத்து போலாம்."