வார்ப்பு எண்

சேறு அப்பிய லொறி எஞ்சின் சிலிண்டர் ஹெட்டை மெக்கானிக் பொன்னுத்துரை மண்ணெண்ணெயால் கழுவினார். இரும்போடு சேர்த்து வார்த்திருந்த எண் மெல்லத் தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரர் லொறி ஹெட்டுலயும் இதே நம்பர்தாம்மா. கழட்டி மாட்டுனவன் நான்தானே."

பிரஷாந்தினி முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவள் கணவன் லொறியோடு காணாமல் போய் ஒரு வருஷம்.

"கண்ணாடியப் போட்டு நல்லாப் பாருங்க பாஸ்," என்றான் கணவனின் கூட்டாளி உதயராஜ். "எங்க கெடச்சிச்சு அண்ணி?"

"ஏதோ பழைய மாணிக்கக் குழியிலயாம், தம்பி. எந்தக் குழின்னு தெரியல."

"அழாதீங்க, நான் விசாரிக்கிறேன்." அவசரமாக மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான்.

ரப்பர் தோட்ட மலைக்குப் பின்னால் கைவிட்ட மாணிக்கக் குழியில் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. யாரும் கைவைத்த அடையாளமே இல்லை. உதயராஜ் நிம்மதிப் பெருமூச்சு விட்டான்.

முதுகுக்குப் பின்னால் பொலிஸ் ஜீப் நின்றது. பிரஷாந்தினி இறங்கினாள்.

"அந்த மாடல் லொறி எல்லாத்துலயும் அதே நம்பர்தான் வரும், தம்பி. ஹெட்ட குருவிட்ட டவுன்ல பழைய இரும்புக் கடையில வாங்குனேன். சேறு மட்டும் நம்ம தோட்டத்துச் சேறு."

குழியை எட்டிப் பார்த்தாள்.

"சொல்லுங்க. லொறியோட அவரும் இதுக்குள்ளதான் இருக்காரா?"