திருவெள்ளறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர்

எல்லோரும் சரியென்ற யோசனைக்கு வேதவதி மட்டும் முடியாது என்றார்.

யோசனை அனுபமாவுடையது. துவாக்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மிச்ச நேரமெல்லாம் பூட்லோடர்தான். கம்ப்யூட்டரில் ஸ்விட்சைப் போட்டதும் முதலில் கண் விழித்து, மற்றதையெல்லாம் எழுப்பிவிடுகிற குட்டி புரோகிராம். திருச்சிக்காரர்கள் சிலர் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தமும் சொல்லலாம். ஆனால் திருத்தம் உள்ளே போக வேதவதி தலையாட்ட வேண்டும். ஆரம்பித்தவர் அவர்தான்.

அனுபமா கேட்டது பெரிய விஷயமில்லை. எப்போதோ வந்த ஒரு பழைய மாடல் கம்ப்யூட்டருக்காக புரோகிராமில் ஏகப்பட்ட வரிகள் கிடந்தன. அவற்றைத் தூக்கிவிட்டால் புரோகிராம் இளைக்கும், வேகம் கூடும். புது வெர்ஷன் வரும்போதெல்லாம் அந்தப் பழசில் ஓடுகிறதா என்று பார்க்க எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டாம்.

"அந்த மாடலை இப்ப யார் மேடம் வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

"திருவெள்ளறையில பீமராவ்னு ஒருத்தர் வெச்சிருக்கார். அதுல போட்டுப் பார்த்து ரிப்போர்ட் அனுப்பறவர் அவர்தான்" என்றார் வேதவதி.

குழுவில் சிரித்துவிட்டார்கள். காலேஜ் டீச்சரில்லையா, அட்டெண்டன்ஸில் ஒரு தலை குறைந்தாலும் மேடத்துக்குப் பொறுக்காது என்றார் ஜெய்சங்கர். பழசைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாமே என்று அவரே ஒரு வழியும் சொன்னார். அதை யார் பார்த்துக்கொள்வது என்றதும் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள்.

அனுபமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் வாதாடி இந்த பூட்லோடரைப் போட வைத்தவள் அவள். இவ்வளவு மெதுவாக இருந்தால் வேறு பார்க்க வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒற்றை ஆளுக்காக ஊரையே நிறுத்தி வைப்பது என்ன நியாயம்? வெறும் பிடிவாதம்.

யோசித்துப் பார்த்ததில் அவளுக்கு ஒரு சுலபமான வழி தோன்றியது. கம்பெனியில் சும்மா கிடந்த நல்ல லேப்டாப் ஒன்றை அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினாள். பீமராவ் கையில் இதைக் கொடுத்துவிட்டால், பழசுக்கு ஆளே இல்லையே. வேதவதியிடம் மூச்சு விடவில்லை.

பீமராவுக்கு ஐம்பது வயதிருக்கும். ரயில்வேயில் இருந்தவர். போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்ததில் ஒரு கால் சரியாக ஊன்ற வராமல், வேலையை விட்டுவிட்டார். குச்சியை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வந்து கூட்டிப்போனார். காபியும் அவரே கலந்தார்.

மேஜையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. பக்கத்திலேயே பளபளவென்று ஒரு புது லேப்டாப்.

அனுபமா தன் பையைத் திறக்கவே இல்லை.

மகள் வாங்கிக் கொடுத்தது என்றார் அவர். படம் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் இப்போது அதில்தானாம். அப்படியானால் பழசு எதற்கு என்று கேட்டாள்.

பீமராவ் கொஞ்சம் தயங்கினார்.

"அது உங்க மேடத்துக்காகங்க. போன வருஷம் அவங்க வீட்டுக்காரர் தவறிட்டார் இல்லையா, அதுக்கப்புறம் தினம் காலைல மெசேஜ் வந்துடும். இதைப் போட்டுப் பாருங்க, அதைப் போட்டுப் பாருங்கன்னு. மனசை எதுலயாவது திருப்பணும்ல, பாவம். நான் இதை எடைக்குப் போட்டுட்டா அவங்க யார வேலை வாங்குவாங்க? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

திரும்பி வரும்போது அனுபமாவுக்கு ஒரு பக்கம் மனசு கனத்தது, இன்னொரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மேடத்திடம் பக்குவமாகப் பேச வேண்டும். பேச்சுத்துணைக்கு நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோமே என்று சொல்ல வேண்டும். அப்புறம் அந்த வரிகளை எடுத்துவிடலாம். டோல்கேட்டில் இறங்கி பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனாள்.

உத்தர வீதியில் வேதவதியின் வீடு. பீமராவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அனுபமா ஆரம்பித்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"எழுந்து உக்காந்திருந்தாரா?"

வாசல் வரை நடந்து வந்தார், காபிகூட அவர்தான் கலந்தார் என்றாள் அனுபமா.

வேதவதி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"ரிப்போர்ட்டே வரலையேன்னு போன வருஷம் ஃபோன் பண்ணினேன். அவரோட ஒய்ஃப்தான் எடுத்தா. ஆக்ஸிடென்டுக்கு அப்பறம் கட்டிலை விட்டே எழுந்திருக்க மாட்டேங்கறார்னு அழுதா. அன்னிலேர்ந்து தினம் காலம்பற அவருக்கு ஏதாவது ஒரு சோதனை அனுப்பிண்டிருக்கேன். பாதிக்கு மேல தேவையே இல்லாதது. எனக்கு மட்டும் அந்தப் பழசைக் கட்டிண்டு அழணும்னு ஆசையா அனு? அவர்கிட்ட சொல்லிடாதே."

அனுபமா சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் குழுவில் தன் யோசனையை மாற்றி எழுதினாள். பழைய மாடலுக்கான பகுதி தனியாகப் பிரியட்டும், அதை இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. வேதவதி உடனே சரியென்றார். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் போச்சு என்று ஜெய்சங்கர் கேலி செய்தார்.

மறுநாள் காலை பீமராவுக்கு வேதவதியிடமிருந்து ஒரு சோதனை வந்தது. அனுபமாவிடமிருந்து இன்னொன்று.