முப்பது கூட்டின மூச்சு

“கடைசி மூணு வாரமும் பச்சையிலேயே இருக்கே! அப்ப தினசரி மருந்தைப் பாதியாக் குறைச்சிடலாம்” என்றார் டாக்டரம்மா, நோட்டைப் புரட்டிக்கொண்டே.

பக்கத்தில் என் பேத்தி. ஒன்பது வயசு, வீசிங். மடியில் அவள் பை. அந்த நோட்டை எழுதியது நான்.

விஷயம் இதுதான். தினமும் காலையில் அவள் ஒரு பிளாஸ்டிக் குழலை மூணு தடவை ஊதுவாள். அதிலிருக்கும் முள் அதிகபட்சமாக எந்த எண்ணுக்குப் போகிறதோ, அதை நான் நோட்டில் குறிக்க வேண்டும். இருநூறுக்கு மேலே பச்சை. கீழே இறங்கினால் மஞ்சள், அதாவது மூச்சுக்குழாய் இறுகுகிறது. மகள் விடியும்போதே வேலைக்கு ஓடுகிறவள். “அப்பா, இது உங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டாள்.

அஞ்சாம் கிளாஸைத் தாண்டாத எனக்குக் கிடைத்த முதல் எழுத்து வேலை! காதில் பென்சில்கூடச் செருகிக்கொண்டேன்.

ஆனால் இது நாற்பது வருஷம் தையல் மெஷினோடு கிடந்த கை. பிள்ளைகள் துணி என்றால், வளர்ற வயசாச்சே என்று ஒரு அங்குலம் தாராளமாக விட்டு வெட்டித்தான் பழக்கம். முள் நூற்றெண்பதில் நின்றால், ‘எப்படியும் ஏறிடும்’ என்று ஒரு முப்பதைச் சேர்த்து இருநூற்றுப்பத்து என்று எழுதிவிடுவேன்.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பேத்தியின் மருந்து போகும்.

“அம்மா, எழுதிடாதீங்க! அது... நான் கொஞ்சம் லூசா தைச்சுட்டேன்.”

“எதை?”

“நம்பரை.”

முழுக்கதையையும் கேட்டுவிட்டு முறைத்தார்.

“என்ன பெரியவரே! இதை நம்பித்தானே நான் மருந்து குடுக்கணும்? குழந்தைக்கு மூச்சு முட்டினா யார் பதில் சொல்றது?”

“தப்புதாம்மா” என்றேன். நல்லவேளை, அந்தக் குழலை என்னை ஊதச் சொல்லவில்லை. அப்போது எனக்கு இருந்த மூச்சுக்கு முள் அசைந்திருக்காது.

பேத்தி பையைத் துழாவி ஒரு குட்டி நோட்டை எடுத்து நீட்டினாள்.

“டாக்டர் ஆன்ட்டி, இதுல சரியா இருக்கு.”

எட்டிப் பார்த்தேன். அதே தேதிகள், என் முப்பது இல்லாத எண்கள். மஞ்சள் வந்த பதினோரு நாளுக்கும் வட்டம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குண்டு குண்டாக, ‘அவசர நீல இன்ஹேலர் ரெண்டு தடவை எடுத்தேன். அம்மாவுக்கு போன்ல சொல்லிட்டேன்.’

“சபாஷ்! மருந்து இப்போதைக்குக் குறையாது” என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“அடி கள்ளி! அம்மாவும் பொண்ணுமாச் சேர்ந்து என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்களே! தெரிஞ்சுக்கிட்டே ஏண்டி என்னை எழுதவிட்டீங்க?”

அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“முதல் நாள் நூத்தம்பதுன்னு எழுதினீங்கல்ல, அன்னைக்கு பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழுதீங்க தாத்தா. சேர்த்து எழுத ஆரம்பிச்ச பிறகுதான் சாப்பிடவே செஞ்சீங்க.”