தட்டுக்கு அரைத் தக்காளி

டெஸ்மண்ட் மூன்று தக்காளிகளையும் பலகையில் வரிசையாக வைத்துக் கத்தியை எடுத்தார். எப்படி வெட்டினாலும் பன்னிரண்டு அரைத் தக்காளி வரப்போவதில்லை.

மாடியில் பன்னிரண்டு விருந்தினர்கள். எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடு. முட்டை, பன்றிக்கறி, டின் பீன்ஸ், காளான் எல்லாம் தயார்.

ஆனால் தட்டின் ஓரத்தில் வாட்டிய அரைத் தக்காளி இல்லாவிட்டால், இங்கிலாந்தின் ஸ்கெக்னஸ் கடற்கரையில் எந்த விடுதிக்காரனும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அதைத் தின்கிறவர் நூற்றில் ஒருவர். இல்லையென்றால் சண்டைக்கு வருகிறவர் நூற்றுக்கு நூறு.

நேற்று கடையில் 'ஆளுக்கு மூன்று' என்று பலகை தொங்கியது. ஸ்பெயின் லாரி டோவர் துறைமுகத்தில் தாள் தாளாகக் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள், உள்ளே இருக்கிற தக்காளி முளைத்து, கொடியேறி, மறுபடியும் காய்த்துவிடுகிறதாம். விலையோ, வாங்கியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற விலை.

டெஸ்மண்ட் தொப்பியை மாற்றிக்கொண்டு இரண்டாம் முறை வரிசையில் நின்றார்.

"தொப்பியை மாத்தினா மூக்கு மாறிடுமா, பெரியவரே?" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

வீட்டில் மனைவி ஹில்டா அதைவிட மோசம்.

"ஐரோப்பாக்காரன் சகவாசத்தை விட்டா சாப்பாட்டு விலை பாதியாயிடும்னு வீடு வீடா கதவைத் தட்டினது யாரு, நானா? தக்காளி ஏன் இல்லேன்னு நீங்களே அவங்க முன்னாடி நின்னு சொல்லுங்க, துரை!"

ஹில்டா சொன்னால் சொன்னதுதான். டெஸ்மண்டுக்கு வயது எழுபத்தொன்று. 'நான் சொன்னது தப்பு' என்று இதுவரை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மணி ஏழு இருபது. பின்படிக்கட்டு கிறீச்சிட்டது.

மாடியில் தங்கியிருந்த திருமதி ஆஸ்குட் இரவு அங்கியோடு வந்து நின்றார். பைக்குள்ளிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தார். அதற்குள் மூன்று தக்காளி.

"இந்தக் காலத்துல எங்க கிடைக்குது, எங்க கிடைக்கலன்னு யாருக்குத் தெரியும்? அதான் கையோட கொண்டுவந்தேன். மத்தவங்க காதுல போட்டுடாதப்பா."

அவர் மேலே போனதும் தோட்டக் கதவு வழியாக இன்னொரு விருந்தினர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் லயனல் வந்தார். மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று தக்காளி. அதே கிசுகிசுப்பு.

அதன்பிறகு சமையலறை ரயில் நிலையமாகிவிட்டது. படியில் எதிரெதிரே வந்த இருவர் பையைக் கையால் பொத்திக்கொண்டு, மழை வருமா வராதா என்று பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

ஏழு ஐம்பதுக்குப் பலகைமேல் முப்பத்தொன்பது தக்காளி. டெஸ்மண்ட் விசிலடித்துக்கொண்டே வெட்டினார். தட்டுக்கு ஆறு அரைத் தக்காளி. முட்டை வைக்க இடமில்லை.

சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு பேரும் தங்கள் தங்கள் தட்டை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

கடைசித் துண்டு ரொட்டி தீர்ந்ததும் லயனல் கரண்டியால் கோப்பையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு டெஸ்மண்டோடு சேர்ந்து வீடு வீடாகக் கதவைத் தட்டிய மற்றப் பதினோரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாம விலகின மூணாவது வருஷ வெற்றி விழா. முதல் தீர்மானம்: நாட்டில் தக்காளித் தட்டுப்பாடு என்பது பத்திரிகைக்காரர்களின் கடைந்தெடுத்த புளுகு. ஆதாரம், இன்று காலை நம் ஒவ்வொருவரின் தட்டு."

பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. வழிமொழிய மட்டும் ஒருவர் தேவைப்பட்டார்; எல்லோரும் டெஸ்மண்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹில்டா சமையலறை வாசலில் நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்டாவின் கையில், திருமதி ஆஸ்குட் விட்டுப்போன அந்தக் கம்பளிக் காலுறை.

டெஸ்மண்ட் தொண்டையைச் செருமினார்.

"வழிமொழிகிறேன்" என்றார்.