சுவர் தாண்டி வந்த தீவு

பேங்க்காரர் மனைவிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் புதுஜோடி எரிமலைத் தீவுக்குப் போகப்போகிறதாம். சுவரில் காது வைத்துக் கேட்டுவிட்டு, மாடியில் குடியிருக்கும் என்னிடம் வந்து புலம்பினாள்.

“கருப்பு மணலாம், வருஷம் பூரா வெயிலாம். குடிவந்து ஆறு மாசம் ஆகலை, அதுக்குள்ள என்ன பவிசு பாருங்க.”

“நீங்களும் போங்களேன்” என்று என் பங்குக்கு ஊதிவிட்டேன்.

வீட்டுக்காரரை நச்சரித்து, அதே தீவில் கடலைப் பார்த்த அறையாகவே பிடித்துவிட்டாள். கிளம்பும்போது மறக்காமல் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

“நாங்க முந்திக்கிட்டோம். நீங்க எப்பம்மா?”

“எங்களுக்கு லீவு கிடைக்கலைக்கா. நீங்களாவது நல்லா இருந்துட்டு வாங்க.”

பேங்க்காரர் மனைவிக்கு அப்போதுதான் முகமே மலர்ந்தது.

டாக்சி தெருமுனை திரும்பியது. படியில் நின்ற என் காதில் புதுஜோடியின் பேச்சு விழுந்தது. நான் ஒன்றும் ஒட்டுக்கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது.

“அப்பாடா. பத்து நாளைக்கு நாம பேசறது நமக்கு மட்டும்தான் கேட்கும்” என்றாள் அவள்.

“திரும்பி வந்துட்டா?”

“பனிமலை எங்கெங்க இருக்குன்னு படிச்சு வைங்க. சுவரோரமா உட்கார்ந்து சத்தமாப் பேசணும்.”