அதே இடம், அதே எழுத்து

அந்த நாளிதழில் ஒரு செய்தி பிழையாகிப் போனால், மறுநாள் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வரும். அப்பா காலத்து வழக்கம். குடும்ப மானமே அதில்தான் இருக்கிறது என்பார் நாளிதழின் உரிமையாளர், பெரியவர் தணிகாசலம்.

ஒருநாள் மாலை, லஞ்ச வழக்கில் சர்வேயர் அருளப்பன் கைது என்று அவர்களுடைய இணையதளத்தின் முகப்பில் வந்துவிட்டது. கைதானவர் வேறு ஆள். ஆசிரியராக இருக்கும் மருமகள் திலகவதி உடனே அதை நீக்கினாள்.

"அழிச்சாச்சு மாமா. நாலு பேர்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க."

"நாலு பேர்கிட்டச் சொன்னாலும் நாம சொன்ன பொய்தானம்மா. முகப்புல வந்ததுக்குத் திருத்தம் பேப்பர்ல முதல் பக்கம்தான்."

காலையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'சர்வேயர் அருளப்பன் கைதாகவில்லை.' அதைப் பார்த்த பிறகுதான் பெரியவருக்குக் காபி இறங்கியது.

சற்று நேரத்தில் அருளப்பனே அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"ஐயா, நேத்து வரைக்கும் எங்க தெருவுல யாருக்கும் எதுவும் தெரியாது. இன்னைக்குப் பால்காரன் கேக்கிறான், 'எப்ப சார் விட்டாங்க?'ன்னு."

பெரியவர் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தார்.

"இதுக்கு என்ன திருத்தம் மாமா போடுறது? அச்சானது அத்தனையும் உண்மை" என்றாள் திலகவதி, மெதுவாக.

அவர் பேனாவை மூடினார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வாங்க தம்பி. கடைத்தெரு வரைக்கும் என்னோட நடங்க. நான் யார் கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன்னு ஊர் பார்க்கட்டும்."

இருவரும் வெயிலில் நடந்தார்கள். டீக்கடையில் பேப்பரை விட்டுத் தலைகள் நிமிர்ந்தன. ஒருவன் கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினான். அருளப்பன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். பெரியவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.