முள்ளாயி அம்மன்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கல்வராயன் மலையில் ஒரு சாமியை இடிக்க வந்த கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

"கடப்பாரைய எடுப்பா!" என்றார் தாலுகா ஆபீஸ் அதிகாரி அறிவுச்செல்வன்.

துணைச் சுகாதார நிலையத்தின் பின்பக்கத்தில், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி நின்றிருந்தாள் முள்ளாயி அம்மன். அவளுக்கு முன்னால் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள் ஜெயம்மாள். ஜெயம்மாளுக்குப் பின்னால் ஊரே நின்றது.

"கவர்மெண்டு இடத்துல கோயில் கட்டக் கூடாதும்மா. ரூல்ஸ் இருக்கு."

"நாங்க இன்னா கோபுரமா கட்டிக்கினோம்? முழ ஒசரத்துக்கு ஒரு சாமி. உங்க ரூலுக்கு இதான் கண்ணுல பட்டுச்சா? இங்க வர்ற ரோட்டுல ஆள முழுங்குற பள்ளம் கெடக்குது, அது படல?"

கூட்டம் சிரித்தது. அதிகாரிக்குக் காது சிவந்தது.

நர்ஸ் எழில்மதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அங்கே சாமி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மஞ்சள் பூசிக்கொண்டு நிற்பது ஒரு குழாய். அதன் கீழே சிமெண்ட் உறை இறக்கி, கனத்த மூடி போட்ட குழி. ஊசி போட்டு முடித்ததும் முனையை வெட்டி அந்தக் குழாய் வழியாகத்தான் உள்ளே போடுவாள். மலைக்கு அதையெல்லாம் அள்ளிப்போக எந்த வண்டியும் வருவதில்லை.

முன்பு இருந்த குழியின் தகர மூடியை யாரோ நெம்பி, பிளாஸ்டிக்குக்காகக் கிளறிப் போட்டுவிட்டார்கள். அடுத்த மழையில் ஊசிகள் மரவள்ளிக் காட்டுக்குள் போய்விட்டன. களை எடுத்த பெண்ணின் உள்ளங்காலில் ஒன்று ஏறியது. அதன் பிறகுதான் எழில்மதி அலையாய் அலைந்து இந்தக் குழியைக் கட்ட வைத்தாள்.

ஊரில் பாதிப்பேர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்த சமயம் அது. அவர்கள் திரும்பி வந்ததும் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து விவரம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாள். அதற்குள் குழாய்க்கு மஞ்சளும் குங்குமமும் ஏறிவிட்டன. அன்றிலிருந்து மூடிமேல் ஒரு கையும் படவில்லை. எழில்மதியும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஜெயம்மாள் ரப்பர் செருப்பு சரசரக்கச் சுற்றி வந்து கற்பூரம் ஏற்றுவாள். மற்ற கோயில்களுக்கு ஊர் எல்லையிலேயே செருப்பை விட்டுவிட்டுப் போகிறவள் அவள். வெள்ளை மனசுக்காரர்களை ஏமாற்றுகிறோமே என்று எழில்மதி ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

"சார், ஒரு நிமிஷம் தனியா பேசணும்" என்றாள் இப்போது.

"எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க சிஸ்டர். நீங்களும் இந்தச் சாமிக்குப் பங்காளியா?"

ஜீப் டிரைவர் கடப்பாரையோடு வந்தார். சின்னசேலத்திலிருந்து பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் வாங்க வரும் பிச்சைமுத்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கடப்பாரையைக் கண்டதும் அவன்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

எழில்மதி மூடியைப் பார்த்தாள். மூடி உடைந்தால் ஊசியெல்லாம் மறுபடியும் காட்டுக்குள். உண்மையைச் சொன்னால், இந்த ஊர் இனி அவளை நம்பி ஊசிக்குக் கையை நீட்டாது.

கடப்பாரை உயர்ந்தது. அவள் ஒரே எட்டில் மூடிமேல் ஏறி நின்றாள்.

"விட மாட்டேன்! முதல்ல என் கால உடைங்க, அப்புறம் இத உடைங்க!"

"சிஸ்டர், வேலை போயிடும், பாத்துக்குங்க!"

"போவட்டும் சார்! எல்லாரும் கேட்டுக்குங்க. இது சாமியே இல்ல, உள்ள இருக்கறது..."

சொல்லி முடிக்கவில்லை. ஜெயம்மாள் பாய்ந்து வந்து அவள் வாயில் வேப்பிலைக் கொத்தை அடைத்தாள்.

"அடியே, நர்சம்மா மேல முள்ளாயி எறங்கிட்டாடி! மஞ்சத்தண்ணி கொண்டாங்க! சீக்கிரம்!"

குடத்தோடு தண்ணீர் வந்து எழில்மதியின் தலையில் கொட்டியது. ஊர்ப் பம்பைக்காரர் எங்கிருந்தோ பம்பை மேளத்தை எடுத்துவந்து வெளுத்துக்கட்டினார். மூச்சு முட்டிய எழில்மதி கையை உதற, கண்ணை உருட்ட, கூட்டம் இன்னும் பெரிதாகச் சத்தம் போட்டது.

டிரைவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்.

"யோவ், எடுய்யா!"

"எனக்கும் புள்ளகுட்டி இருக்குது சார். நீங்களே இடிச்சிக்குங்க."

அதிகாரி கடப்பாரையைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நின்ற நர்ஸைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் எழில்மதி வேப்பிலையைத் துப்பினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ஜெயம்மாக்கா, என்ன மன்னிச்சிடுங்க. உங்க எல்லாரையும் நான் ஏமாத்திட்டேன். அது சாமி இல்லக்கா..."

ஜெயம்மாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைப்பதுபோலக் காதருகே குனிந்தாள்.

"மெல்லப் பேசு கண்ணு. ஊசிக்குழின்னு ஊருக்கே தெரியும். அதோ கும்புட்டுக்கினு நிக்கிறானே காயலாங்கடைக்காரன், அவனுக்குத்தான் தெரியக் கூடாது!"

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி விளையாடட்டும், ஒரு முள்கூடத் தைக்காமல்.